பெட்டியடியும் எழுத்தறையும்

வீட்டிற்குள்ளேயே அலுவல் பார்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு, 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு பிறந்தபின் நம் காலனியில் வீட்டுக்கு வீடு எழுந்தது. புதிதாக மேசை வாங்கினார் சிலர். உண்ணும் மேசையையே அலுவல் மேசையாக்கினார் சிலர். சுவரின் நிறம் மாற்றி, செடித்தொட்டி வைத்து, கணிப்பொறித் திரையில் தம் பின்புறம் அழகாகத் தோன்றுமாறு புத்தகங்களை அடுக்கினவரும் உண்டு. அப்புத்தகங்களை அவர்கள் படித்தனரா என்பது வேறு வினா. நோய் தணிந்தது, மேசை மட்டும் இட்ட இடத்திலேயே நிலைத்துவிட்டது. இது முற்றிலும் புதிய வழக்கம் என்று இளைஞர் கருதுகின்றனர். உண்மையில், எழுத்து வேலைக்கென்று நாள்தோறும் வீட்டைவிட்டு வெளியே போவதுதான் பிற்காலத்து வழக்கம். வீட்டிலிருந்து எழுதுவதே பழையது. அவ்வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தறை என்று தனியறை வேண்டியிருக்கவில்லை. இடக்கையில் ஓலையை ஏந்தி, கட்டைவிரல் நகத்தின் வெட்டிலே எழுத்தாணியைத் தாங்கி, வலக்கையால் அதனைச் செலுத்துவது நம் முன்னோர் முறை. மேசை எதற்கு? வேண்டியது வெளிச்சம் ஒன்றே. ஓலையிற் கீறிய எழுத்து, கரி ஏற்றும்வரை கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. ஆதலின் கணக்கரும் ஆசிரியரும் வீட்டில் மிக்க வெளிச்சம் உள்ள இடத்தை நாடி அமர்ந்தனர். அவ்விடமே திண்ணை. தாழ்ந்த கூரை வெயிலையும் சாரலையும் தடுக்கும். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும். காரியமாக வந்தவர் வீட்டின் உட்புறம் நுழையாமலே பேசி முடித்துப் போவர். இன்றைய கட்டடக் கலைஞர் பெரும்பொருள் பெற்றுக்கொண்டு சொல்லும் மூன்று இலக்கணங்களும் அதில் அடங்கியிருந்தன. எழுதி முடித்த ஏட்டிற்கு விளக்குக்கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைத்து, மரச்சட்டங்களுக்கிடையே கட்டிப் பரணில் ஏற்றினர்.

அலங்காரம் என்று ஏதும் இல்லையோ எனின், இருந்தது. ஆனால் அதற்கு நாள் குறித்து வைத்திருந்தனர். சரசுவதி பூசையன்று ஏடும் எழுத்தாணியும் பிற்காலத்திற் பேரேடும் மசிக்கூடும் கழுவித் துடைக்கப்பெற்று, மஞ்சளும் குங்குமமும் பூவும் பெற்றுக் கொலுவிருந்தன. அன்று ஒருவரும் எழுதார். மறுநாள் விசயதசமியில் மீண்டும் தொடங்குவர். ஆண்டிற்கு ஒரு நாளாயினும் எழுத்திடம் முழுவதும் தூசி தட்டப்பெற்றது என்பதே நமக்கு இதில் பெரிதாகத் தோன்றுகிறது.

தாள் பரவியபின் நிலைமை மாறிற்று. தாளுக்கு அடியில் தாங்குபலகை வேண்டும்; மசிக்கூட்டிற்கு ஆடாத இடம் வேண்டும்; எழுதிய தாள் காற்றிற் பறவாமல் அடைத்து வைத்தல் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே தந்தது கணக்குப்பெட்டி. மேற்பலகை எழுதுவோனை நோக்கிச் சரிந்திருக்கும். அதனைத் தூக்கினால் உள்ளே அறைகள். ஒன்றிற் காசு, ஒன்றில் முத்திரை, ஒன்றிற் கடன் பத்திரம். சில பெட்டிகளில் அறைக்குள் மறைவாக மற்றோர் அறையும் உண்டு. தேக்கிலோ ஈட்டியிலோ செய்து, மூலைகளுக்குப் பித்தளைத் தகடு அடித்து, முன்புறம் பூட்டு அமைத்தனர். பாய் விரித்து, சம்மணமிட்டு, முழங்காலுக்கு முன்னே இப்பெட்டியை இழுத்துவைத்துக்கொண்டால் அலுவலகம் ஆயிற்று. மாலையில் அதனைச் சுவரோரம் தள்ளிவிட்டால் அவ்விடம் மீண்டும் கூடம் ஆகிவிடும்.

மேல்நாட்டிலும் இது போன்றதொரு வளர்ச்சியே நிகழ்ந்தது. பிரெஞ்சு மொழியில் 'பியூரோ' என்னும் சொல் முதலில் முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது. அத்துணியை விரித்த மேசைக்கு அப்பெயர் ஆகி, பின் மேசை இருந்த அறைக்கு ஆகி, இறுதியில் அரசாங்க அலுவலகத்திற்கே ஆயிற்று. செல்வர் தம் எழுத்தறையை அழகுபடுத்தியதற்கு இத்தாலிய நாட்டு உர்பினோ நகரத்துப் பெடரிகோ கோமகனின் சிற்றறை பெயர் பெற்றது. 1476இல் முடிந்த அவ்வறையின் சுவர்களில், பாதி திறந்த அலமாரிகளும் புத்தகங்களும் இசைக்கருவிகளும் இருப்பதுபோலவே பன்னிற மரத்துண்டுகளைப் பதித்துக் காட்டினர். தொட்டுப் பார்த்தால் வெறும் பலகை. இக்காலத்தில் திரைக்குப் பின்னே புத்தக அலமாரிப் படத்தை ஒட்டிவைப்போர் அக்கோமகனின் வழித்தோன்றல்கள் எனலாம்.

தமிழரில் எழுத்திடத்தால் வரலாற்றுக்கே பொருள் தந்தவர் புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்த இவர், 1747இல் துய்ப்ளேக்சு துரையின் தலைமைத் துபாசியானார். 1736ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் தொடங்கி 1761 சனவரியில் இறக்கும் வரையில், ஏறத்தாழ 25 ஆண்டுகள், கப்பல் வந்த செய்தி, சரக்கின் விலை, துரைமார் பூசல், ஊர் வம்பு, தம் மனக்கவலை ஆகியவற்றை நாட்குறிப்பாக எழுதினார். புதுவையில் அவர் மாளிகை இன்றும் உள்ளது. கீழ்த்தளம் செதுக்கிய மரத்தூண்களுடன் தமிழ் முறையில் அமைந்தது. மேல்தளத்திலோ ஐரோப்பியத் தூண்வரிசை. இரண்டு உலகங்களுக்கிடையே மொழிபெயர்த்து வாழ்ந்தவரின் தொழிலை அவர் வீடே சொல்லிவிடுகிறது. ஆயினும் நாட்குறிப்பைப் புரட்டுவோர் கண்ணில் அடிக்கடி படுவது மாளிகையன்று. அவருடைய பாக்குக் கிடங்கு. கோட்டைக்குப் போனார், துரையைக் கண்டார், பின் பாக்குக் கிடங்கிற்கு வந்து அமர்ந்தார் என்று மீண்டும் மீண்டும் வருகிறது. வணிகர் அங்கே அவரைத் தேடி வந்தனர். செய்தியும் அங்கே வந்தது. பாக்கு மூட்டைகளின் நடுவே, தம் சரக்கு தம் கண்ணெதிரே இருக்க, அவர் காரியம் பார்த்தார். விருந்தினர் வியக்க மாளிகை, வேலைக்குக் கிடங்கு. இன்று நாம் வீட்டின் முன்னறையை அழகுபடுத்தி வைத்துவிட்டு, உண்மையான வேலையைப் படுக்கையறை மூலையிற் செய்வதும் இவ்வகையே போலும். அவர் மறைந்து 4 நாட்களில் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. நாட்குறிப்போ வீட்டாரின் காவலிற் கிடந்து, 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணிற் பட்டு உலகிற்கு வந்தது.

அதே நூற்றாண்டில் நம் கொச்சியில் நிலைமை எவ்வாறு இருந்தது? மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடந்தவர் அறிவர். அங்குள்ள பழைய பண்டகசாலைகளுக்கு முன்வாயில் தெருவிலும் பின்வாயில் காயலிலும் இருக்கும். வள்ளத்தில் வந்த மிளகும் ஏலமும் சுக்கும் பின்வாயிலில் இறங்கும். விலை முன்வாயிலிற் பேசப்படும். கீழே சரக்கு, மேலே குடியிருப்பு. 1568இல் எழுந்த பரதேசிகளின் தொழுகைக்கூடத்தை ஒட்டிய யூதத் தெருவிலும் பல வீடுகள் அவ்வாறே கீழே வாணிகமும் மேலே வாழ்வுமாக இருந்தன. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கும்பினியாரின் தலைமை வணிகராக நெடுங்காலம் விளங்கிய எசக்கியேல் ரகபி (1694–1771) இந்தத் தெருவாரின் தலைவர். தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டு அவர் எழுப்பியது. குசராத்தி வணிகர் கடைகளிலோ நாற்காலி கிடையாது. வெண்விரிப்பு இட்ட மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு, முன்னே தாழ்ந்த கணக்குமேசை. தீபாவளியன்று புதுப் பேரேட்டிற்குப் பூசை செய்வது அவர் வழக்கம். நம் சரசுவதி பூசைக்கு உறவுமுறை என்று கொள்ளலாம். திருவிதாங்கூர்ச் சீமையில் சிறு சக்கரக் காசுகளை எண்ணுவதற்கு, வரிசை வரிசையாகக் குழி வெட்டிய பலகை இருந்தது. காசுக் குவியலைக் கொட்டி வழித்தால் குழிக்கு ஒன்றாக நின்றுவிடும். எண்ணும் வேலை மிச்சம்.

1948க்குப் பின் யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் இசுரேல் நாடு சென்றன. அவர்கள் இருந்த தெருவில் இன்று பழம்பொருட் கடைகள் நிறைந்துள்ளன. நாம் மேலே சொன்ன கணக்குப்பெட்டி, காசுப்பெட்டி, குழிப்பலகை யாவும் அங்கே மெருகேற்றி வைக்கப்பட்டுள்ளன. பெருநகரத்துச் செல்வர் அவற்றை வாங்கிச்சென்று தம் எழுத்தறைக்கு அலங்காரமாக வைக்கின்றனர். ஒரு காலத்தில் அலுவலகமாகவே இருந்த பெட்டி, இன்று அலுவலகத்தின் மூலையில் பூச்சாடியைத் தாங்கி நிற்கிறது. வாங்கிய அன்பர் எவரேனும் இதைப் படிப்பாராயின், பூச்சாடியை அகற்றி மூடியைத் திறந்து பார்க்க வேண்டுகிறோம். உள்ளே மசிக்கறை இருப்பின் அதனைத் தேய்த்து அழித்தல் வேண்டா.

இப்பெட்டியைக் கடல் கடந்து கொண்டுசென்றவர் நாட்டுக்கோட்டை நகரத்தார். அவர் வீட்டின் முகப்பிலே உயர்ந்த திண்ணை. அதன் கோடியிற் கணக்கு எழுதவும் பெட்டகம் வைக்கவும் அறை. அதைக் கடந்தே வளவு. வந்தவர் கண்டு மயங்கப் பர்மாத் தேக்குத் தூணும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணச் சுவரும் இருந்தன. ஆனால் அச்செல்வத்தை ஈட்டிய இடம் அவ்வீடன்று. இரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளே அது. கிடங்கு என்னும் நம் சொல்லே கிட்டங்கி ஆயிற்று; ஆங்கிலேயர் சொல்லும் 'கோடவுன்' என்பதும் அதன் வழிவந்தது என்று அறிஞர் கூறுவர்.

கிட்டங்கி என்பது நீண்ட கூடம். இருபுறமும் சுவரோரமாக ஒவ்வொரு கடைக்கும் சில அடி இடம். அவ்விடத்தில் ஒரு பாய், ஒரு சாய்வுப் பெட்டி, பின்னே ஓர் அலமாரி. ஒரே கூரையின் கீழ்ப் பல கடைகள். குறுக்குச் சுவர் கிடையாது. பகலிற் கடன் கொடுத்துக் கணக்கு எழுதிய அதே இடத்தில் இரவிற் பாய் விரித்துத் துயின்றனர். மேலாள், அடுத்தாள் என்னும் வரிசையில் இளையவனுக்குப் பெயர் பெட்டியடிப் பையன். பெட்டிக்கு அருகே அமர்வதால் அப்பெயர். துணியின் பெயர் அலுவலகத்தின் பெயரானது பிரெஞ்சு நாட்டில். பெட்டியின் பெயர் ஆளின் பெயரானது நம் நாட்டில். பதின்பருவத்தில் ஊரை விட்டுப் போன பிள்ளைக்கு அச்சில அடி இடமே பள்ளியும் வீடும் ஆயிற்று. 1930ஐ ஒட்டி வெளிவந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தனவாகக் கணக்கிட்டது. கீழைப் பர்மாவின் நெல்வயல்களுக்குப் பெரும்பகுதி முதல் இவ்வாறு பாயில் அமர்ந்து எழுதிய பேரேடுகள் வழியாகச் சென்றது என்றால், எழுத்திடத்தின் ஆற்றலுக்கும் அதன் ஆடம்பரத்திற்கும் தொடர்பில்லை என்பது விளங்கும். 1941 டிசம்பரில் இரங்கூன்மீது சப்பானியர் குண்டு விழுந்தபின் மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். பெட்டியைத் தூக்க இயலவில்லை. பேரேட்டை மட்டும் எடுத்து ஓடினவர் பலர்.

இவ்வாறு வீட்டோடு ஒன்றாய் இருந்த எழுத்து வேலையை வீட்டினின்றும் பிரித்தது எது? அரசாங்கக் கச்சேரியும் நம் இரயிலும்தாம். தென்னாட்டில் 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா நோக்கி முதல் வண்டி புறப்பட்டது. வண்டிக்கு நேரம் குறித்தபின் அதற்குக் கணக்கு எழுதுவோனுக்கும் நேரம் குறிக்கப்பட்டது. சீட்டு, சரக்கு ரசீது, தந்திக்கருவி ஆகியவற்றை ஒருவன் தன் திண்ணைக்கு எடுத்துச்செல்ல இயலுமோ? குமாஸ்தா நிலையத்திற்கு வந்தான். அவன் மேசைக்கு இலக்கம் இட்டனர். மேசை அவனுக்குச் சொந்தமன்று. கொச்சிக்கு 1902இல் சொரனூரிலிருந்து இருப்புப்பாதை வந்தது. அதற்குப் பொருள் சேர்க்கக் கொச்சி மன்னர் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பர். யானையின் அலங்காரம் தண்டவாளம் ஆயிற்று என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வல்லார்பாடத்தில் 2011இல் கொள்கலன் துறைமுகம் திறக்கப்பெற்றதை ஒட்டி, காயலின்மேல் 4.62 கிலோமீட்டர் நீளப் பாலம் கட்டி இருப்புப்பாதை கொண்டுவந்தனர். அப்பாதையிற் பயணியர் வண்டி இல்லை, சரக்கு மட்டுமே. அச்சரக்கின் கணக்கோ இன்று முழுவதும் கணிப்பொறியில் ஏறுகிறது. தீவில் இறங்கும் பெட்டியின் இலக்கத்தை எவ்வூரில் இருந்தும் பார்க்கலாம். மேசைக்கும் சரக்குக்கும் இருந்த கட்டு அறுந்துவிட்டது. ஆகவே வேலை மீண்டும் வீட்டுவாயிலைத் தட்டுகிறது.

அலுவலகத்திற்குப் போய்வந்துகொண்டே வீட்டிலும் ஓர் எழுத்திடத்தைக் காத்தவருக்கு உ. வே. சாமிநாதையரே தலைசிறந்த சான்று. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார்; 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டார். பகலிற் கல்லூரி, காலையும் இரவும் ஏடு. 1903இல் சென்னைக்கு மாறியபின் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டிற்கு, தமக்குக் கும்பகோண வேலை கிடைக்கக் காரணமான தியாகராச செட்டியாரின் நினைவாகத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். அவ்வீட்டின் அணிகலன் சுவடிக்கட்டுகளே. 1942இல் போர் அச்சத்தால் அவற்றுடன் திருக்கழுக்குன்றம் சென்று, அவ்வாண்டே அங்கு மறைந்தார். தியாகராச விலாசம் 2012இல் இடிபட்டது. சுவடிகள் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் உள்ளன.

இதுகாறும் எழுதியவற்றில் ஒரு குறை இருப்பதைப் படிக்கும் சகோதரிகள் கண்டிருப்பர். திண்ணையும் பெட்டியும் கிட்டங்கியும் ஆடவர்க்கே. பெண்டிர் கணக்கு எழுதவில்லையா? எழுதினர், சுவரில் எழுதினர். அடுக்களைக் கதவுக்குப் பின்னே பால்காரருக்கு ஒரு கரிக்கோடு, வெளுக்கப் போட்ட துணிக்குச் சுண்ணாம்புப் புள்ளி, கைமாற்றாகப் போன அரிசிக்கு மற்றொரு கோடு. திங்கள் முடிவில் எண்ணித் தீர்த்துத் துடைப்பர். பேரேட்டில் ஏறாத அக்கணக்குப் பொய்த்ததாக நாம் கேட்டதில்லை. நகரத்தார் மனையிலோ ஆச்சிமார் தம் சீர்ப்பணத்தைக் கடைகளில் வட்டிக்கு இட்டு அதன் கணக்கைத் தாமே பார்த்துவந்தனர். ஆயினும் வீட்டில் அவர்க்கென்று அமர ஓர் இடம், பூட்டுள்ள ஒரு பெட்டி என்று எத்தனை வீடுகளில் இருந்தன? வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) பள்ளி சென்று பயின்றவரல்லர். தம் முதல் நாடகத்தை அவர் வாயாற் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். 1925இல் 'சகன்மோகினி' இதழை ஏற்று, திருவல்லிக்கேணி வாழ்க்கையினூடே 30 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். 100க்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். விடுதலைப் போரிற் சிறை சென்றபோதும் எழுத்தை நிறுத்தினாரில்லை. எழுதுவதற்குப் பெண்ணுக்குத் தனியறை வேண்டும் என்று வர்சீனியா வுல்ப் என்னும் ஆங்கில அம்மையார் 1929இல் நூல் எழுதிய காலத்தில், நம் அம்மையார் அறைக்குக் காத்திராமல் எழுதிக்கொண்டிருந்தார். அதனால் அறை வேண்டா என்று பொருளன்று. அறை இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் எழுதியிருப்பர் என்றே நாம் எண்ணுகின்றோம்.

இவ்வரலாற்றோடு நம் காலனிக் குடியிருப்பைப் பார்ப்போம். இரண்டு அறை, ஒரு நடை, ஓர் அடுக்களை. சுவரில் ஆணி அறையவே பொறியாளர் இசைவு வேண்டும் என்று அஞ்சுகிறோம். இதில் எழுத்தறை எங்கே? திண்ணையின் இலக்கணத்தைக் கைக்கொண்டால் இடம் கிடைக்கும். வலக்கையால் எழுதுவோருக்கு இடப்புறமிருந்து வெளிச்சம் விழுமாறு சன்னலோரம் ஒரு பலகை போதும். மேற்குச் சன்னலாயின் பிற்பகல் வெயில் திரையிலும் கண்ணிலும் அறையும், தவிர்க்க. இடவப்பாதி மழை தொடங்கினால் கொச்சிச் சுவர் வியர்க்கும். ஆகையால் பலகையையும் புத்தக அடுக்கையும் சுவரிலிருந்து இரண்டு விரல் விலக்கியே வைத்தல் வேண்டும். இல்லையேல் சான்றிதழிற் பூஞ்சை பூக்கும். சுவருக்கு வெள்ளையினும் இளமஞ்சள் கண்ணுக்கு இதம். செடித்தொட்டி அவரவர் விருப்பம். கொசு வராத செடியாயின் நன்று.

ஆனால் இடம் எங்கே என்பதைவிட, அது யாருக்கு என்பதே இன்று வீடுகளில் உள்ளுக்குள் புகையும் வழக்கு. 2020இல் தந்தைக்கு அலுவல், மூத்தவனுக்குக் கல்லூரி, இளையவளுக்குப் பள்ளி, எல்லாம் ஒரே நேரத்தில் திரையில் வந்தபோது, மேசை முதலில் தந்தைக்கும் அடுத்து மகனுக்கும் ஆயிற்று. மகள் அடுக்களைப் படியில் கைப்பேசியைச் செம்பில் சாய்த்துவைத்துப் பாடம் கேட்டாள். இதனை நாம் ஒரு வீட்டில் மட்டும் காணவில்லை. இன்றும் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள், வீட்டிலிருந்தே கணிப்பொறி வேலை பார்க்கும் தாய்மார், எல்லாரும் உறங்கியபின் இரவு 10 மணிக்குமேல் மேசையைப் பெறுகின்றனர்.

நம் சங்கப் படிப்பகம் மாலை 6 மணி முதல் 9 மணி வரை கேரம் பலகைக்கு உரியதாக இருந்துவருகிறது. வாரத்தில் 4 நாட்களேனும் அந்நேரத்தை இவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று வரும் பொதுக்குழுவில் முன்மொழிய எண்ணியுள்ளோம். செலவு மிகுதியன்று: சன்னலோரம் 2 மேசை, 4 நாற்காலி, மின்சாரச் செருகி 4, ஒவ்வொருவரும் தம் ஏட்டை வைத்துப் பூட்டிச் செல்லத் தனித்தனி அறையுள்ள ஓர் அலமாரி. கேரம் பலகையை வராந்தாவிற்கு மாற்றுவதில் ஆட்டக்காரருக்குத் தடையிராது என்று நம்புகின்றோம். அங்கே காற்றும் நன்றாக வரும்.